ஏறுவது வேறு, ஏற்றிவிடுவது வேறு: வெளிநாட்டில் ட்ரெய்னி அவுட்டோர் இன்ஸ்ட்ரக்டராக ஒரு சீசன்

பாறை ஏறத் தெரியும், கயாக் ஓட்டத் தெரியும், வெளிநாட்டில் ஒரு சீசன் அவுட்டோர் இன்ஸ்ட்ரக்டராக வேலை பார்த்துக்கொண்டே ஊர் சுற்றலாம் என்று நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த வேலையில் நீங்கள் ஏறப்போவது குறைவு. நாள் முழுக்கப் பாறைக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். பத்து ஹெல்மெட் மாட்டி, பத்து ஹெல்மெட் கழற்றி, தலை எண்ணி, மறுபடியும் எண்ணி, ஈர வெட்சூட்டுகளை (குளிர்நீரில் அணியும் ரப்பர் உடை) கம்பியில் போட்டுவிட்டுத் தூங்கப் போவீர்கள். விளையாட்டு பிடித்ததால்தான் எல்லோரும் இந்த வேலைக்கு வருகிறார்கள். வேலையோ, அந்த விளையாட்டை இதுவரை தொட்டுக்கூடப் பார்க்காத ஒருவரைப் பயத்தோடு கூட்டிப்போய் முழுசாகத் திருப்பிக் கொண்டுவருவது.

‘ட்ரெய்னி’ என்ற சொல்லுக்கு மையத்துக்கு மையம் பொருள் மாறும். சில இடங்களில் முதல் இரண்டு மூன்று வாரம் பயிற்சி, அப்புறம் முழுச் சம்பளம். சில இடங்களில் சீசன் முழுக்கச் சாப்பாடும் படுக்கையும் கைச்செலவுக் காசும்தான். இன்னும் சில இடங்களில் பயிற்சிக்கென்று நீங்கள்தான் பணம் கட்டவேண்டும். எதுவானாலும் ஏறும் படிகள் ஒன்றுதான். முதலில் பார்ப்பது, பிறகு உதவிக்கு நிற்பது, பிறகு சீனியர் பக்கத்தில் இருக்கக் குழுவை நடத்துவது. கடைசியாக, குறிப்பிட்ட ஒரு பாறையில் அல்லது குறிப்பிட்ட ஒரு ஏரியில் தனியாக நடத்தலாம் என்று மையம் கையெழுத்திட்டுக் கொடுக்கும்.

பலர் ஏமாறுவது அந்தக் கையெழுத்தில்தான். அது அந்த மையத்தின் வாசலோடு சரி. அடுத்த வேலைக்குப் போய் நீட்டினால் மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். அடுத்த வேலைக்கும் உங்களோடு கூடவே வருவது தேசிய அமைப்புகள் தரும் சான்றிதழ். பிரிட்டனில் மலைக்கும் பாறைக்கும் மவுண்டன் ட்ரெய்னிங், பாய்மரப் படகுக்கு ஆர்ஒய்ஏ, நியூசிலாந்தில் என்இசட்ஓஐஏ, அமெரிக்காவில் பாறைக்கு ஏஎம்ஜிஏ, துடுப்புப் படகுக்கு ஏசிஏ. இவற்றில் பலவும் ஒரே வரிசையில் நடக்கும்: பயிற்சி வகுப்பு, பிறகு சில மாதங்கள் அனுபவத்தைப் பதிவு செய்தல், பிறகு மதிப்பீடு. இந்தச் சான்றிதழ்களுக்கும் எல்லைக்கோடு உண்டு. பிரான்சில் பணம் வாங்கிக்கொண்டு விளையாட்டுச் சொல்லிக்கொடுக்க அந்நாட்டு அரசு ஏற்கும் தகுதி வேண்டும். வேறு நாட்டில் கிடைத்த அட்டை அங்கே தானாகச் செல்லாது.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியவை சில. பயிற்சிக் காலத்தில் எந்த அமைப்பின் எந்தச் சான்றிதழ், மதிப்பீட்டுக் கட்டணம் யார் தலையில், இடையில் விலகினால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா? தங்குமிடத்துக்குச் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள்? வாரத்துக்கு எத்தனை அமர்வு, எத்தனை இரவுப் பொறுப்பு? இரவுப் பொறுப்பு என்பது பள்ளிப் பிள்ளைகள் தங்கியிருக்கும் கட்டடத்தில் உறக்கம் கெட்டுக் கிடப்பது. அது வேலை நேரக் கணக்கில் வருகிறதா என்று கேட்டால் பல மையங்கள் உடனே பதில் சொல்லாது. விளம்பரத்தில் சூரிய அஸ்தமனப் படங்கள் நிறைய இருந்து சான்றிதழ் பெயர் ஒன்றுகூட இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான்.

விசாவில் விளையாட வேண்டாம். சாப்பாடும் தங்குமிடமும் மட்டும் வாங்கிக்கொண்டு ‘தன்னார்வலராக’ உதவுவதும் பல நாடுகளின் கண்ணில் வேலைதான். சுற்றுலா விசாவில் போய் அதைச் செய்தால் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்படலாம், அந்த முத்திரை அடுத்த பல விண்ணப்பங்களுக்கும் கூடவே வரும். வேலையோடு விடுமுறை விசா சில கடவுச்சீட்டுகளுக்குத்தான் கிடைக்கும், பெரும்பாலும் 18 முதல் 30 வயதுவரை. அமெரிக்கக் கோடை முகாம்களுக்கு ஜே-1 விசாவில் தனிப் பிரிவு உண்டு, அதற்கு உச்ச வரம்பு நான்கு மாதம். பிள்ளைகளோடு வேலை என்பதால் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றும் கேட்பார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். எல்லாவற்றுக்கும் முன் அதற்கு விண்ணப்பியுங்கள்.

காப்பீட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் சம்பளத்துக்குச் செய்யும் வேலையை விலக்கிவிடும். மையத்தின் காப்பீடோ, உங்களால் மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கு. நடுவில் நீங்கள் காலை உடைத்துக்கொண்டால் இரண்டுமே கைவிரிக்கலாம். விடுமுறை நாளில் நீங்களாக ஏறப்போய் விழுந்தால் கதை இன்னும் சிக்கல். மலை மீட்புச் செலவு சேர்ந்திருக்கிறதா, கயிறு போட்டு ஏறுவது சேர்ந்திருக்கிறதா, எத்தனை மீட்டர் உயரம்வரை என்று பாலிசியின் சிறிய எழுத்தைப் படித்தே ஆகவேண்டும்.

இத்தனை காகிதம் எதற்கு என்று சலிப்பு வரும். 1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் கயாக்கில் போன பள்ளிப் பிள்ளைகளைக் காற்று கடலுக்குள் தள்ளிக்கொண்டு போனது; நான்கு பேர் திரும்பவில்லை. 1999 ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தின் சாக்ஸெட்டன் ஓடையில், மேலே பெய்த இடிமழை கீழே வெள்ளமாக இறங்கி வழிகாட்டிகள் உட்பட 21 பேரைக் கொன்றது. 2008 ஏப்ரல் 15 அன்று நியூசிலாந்தின் மங்கடெபோபோ பள்ளத்தாக்கில் அதே மாதிரி திடீரென ஏறிய ஆற்றில் 6 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். இவற்றுக்குப் பிறகுதான் பிரிட்டனின் சாகச மைய உரிமச் சட்டம் 1995-ல் வந்தது, நியூசிலாந்தின் சாகச விதிகள் 2011-ல், சுவிஸ் சட்டம் 2014-ல் நடைமுறைக்கு வந்தது. மூன்று இடத்திலும் ஆளைக் கொண்டுபோனது பாறையோ அறுந்த கயிறோ அல்ல. காற்றும், எங்கோ மேலே பெய்த மழையும். புதிதாக வந்த இன்ஸ்ட்ரக்டருக்குக் கயிறு தெரியும், அந்த ஊர்க் காற்று தெரியாது. மையம் உங்களை மாதக்கணக்கில் சீனியர் பின்னால் அலையவிடுவதற்குக் காரணம் இதுதான்.

முதல் வாரம் கிடங்கில்

முதல் நாள் உங்களைப் பாறைக்கு அனுப்பமாட்டார்கள், கிடங்குக்கு அனுப்புவார்கள். முகம் சுளிக்காமல் போங்கள். ஒரு மையம் எப்படிப்பட்டது என்பதைக் கிடங்கு சொல்லிவிடும். ஒவ்வொரு கயிற்றுக்கும் எண் இருக்கிறதா, வாங்கிய தேதியும் கடைசியாகச் சோதித்த தேதியும் எழுதியிருக்கிறதா, உடைந்த சாமானுக்குத் தனிப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். உடைந்ததும் நல்லதும் ஒரே கொக்கியில் தொங்கினால் அங்கே கவனமாக இருக்க வேண்டும்.

கயிற்றைக் கண்ணால் பார்த்து முடித்துவிடக் கூடாது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓடவிட வேண்டும், அங்கங்கே சிறு வளையமாக மடக்கிப் பார்க்க வேண்டும். நல்ல கயிறு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வட்டமாக மடங்கும். ஓரிடத்தில் மட்டும் கூர்மையாக முறிந்தாலோ, விரலுக்குத் தட்டையாகப் பட்டாலோ உள்ளே இழை போயிருக்கலாம். மேலுறை முடிமுடியாகப் பிரிந்து உள்ளிழை வெள்ளையாகத் தெரிந்தால் பேச்சே இல்லை, ஒதுக்கிவிட வேண்டும். நைலான் கயிற்றுக்கு உற்பத்தியாளர்கள் பலரும் பயன்படுத்தாவிட்டாலும் 10 ஆண்டுதான் ஆயுள் என்கிறார்கள். குழுக்கள் தினமும் தொங்கும் கயிறு ஒரே சீசனில்கூட முடிந்துபோகும். வண்டியின் பின்பக்கத்தில் பேட்டரி இருந்த இடத்தில் கயிற்றைப் போடாதீர்கள். அமிலம் பட்ட நைலான் பார்வைக்கு ஒன்றும் ஆகாத மாதிரியே இருக்கும்.

காரபினர் என்பது கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கி. அதன் கதவு தானாக மூடவில்லையென்றால் பெரும்பாலும் மணல்தான். வெந்நீரில் கழுவி, திறந்து மூடி, காயவைத்துச் சிறிது எண்ணெய் விட்டால் சரியாகும். வெட்சூட்டை முதலில் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் காயப்போட வேண்டும், இடுப்பில் மடித்துத் தடித்த கம்பியில். தோளில் தொங்கவிட்டால் தண்ணீரின் எடையே தையலை இழுத்துவிடும். அளவுக்கு ஒரு நிறம் என்று பிரித்து வைக்காத மையங்களில் காலையில் அரை மணி நேரம் வெட்சூட் தேடுவதிலேயே போகும். இரண்டு மணி நேர அமர்வில் உடுத்தவும் அவிழ்க்கவும் போக மிஞ்சுவது ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்துத் திட்டமிடுங்கள்.

கையால் பார்க்கும் சோதனை

ஹார்னஸ் என்பது ஏறுபவர் இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பாதுகாப்புப் பட்டை. அதன் சோதனையை மேலிருந்து கீழாக, தினமும் ஒரே வரிசையில் செய்ய வேண்டும். ஹெல்மெட்: புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, பின்னால் சாய்ந்து நெற்றி தெரியக்கூடாது, தாடைப் பட்டைக்குள் இரண்டு விரல். நீளமுடி கட்டி, சட்டைக்குள். இறங்கும் கருவியில் முடி மாட்டினால் நடு ஆகாயத்தில் நிற்க நேரும். கழுத்துச் சங்கிலி, மோதிரம் எல்லாம் கீழே. இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும். உள்ளங்கையை விரித்து நுழைத்தால் நுழையவேண்டும், உள்ளேயே மடக்கிய கை வெளியே வரக்கூடாது. பிறகு பட்டையைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுங்கள். எலும்பைத் தாண்டி வழுக்கினால் பட்டை தளர்வு, அல்லது அந்தப் பிள்ளைக்கு இடுப்பே இன்னும் வரவில்லை. அப்படிப்பட்ட சிறுவர்களுக்கு முழுவுடல் ஹார்னஸ்தான். தலைகீழானால் சாதாரண ஹார்னஸ் உருவிக்கொண்டு போகும்.

பக்கிள் பழைய மாதிரியாக இருந்தால் பட்டை ஒருமுறை போய், மறுபடி திரும்பி வந்து, பக்கிளின் பாதியை மூடியிருக்க வேண்டும். பக்கிள் முழு வளையமாகத் தெரிந்தால் பட்டை திரும்பவில்லை. கால் வளையம் முறுக்கியிருக்கிறதா? கயிறு இரண்டு இணைப்பு வளையங்கள் வழியாகவும் போயிருக்கிறதா? ‘8’ வடிவ முடிச்சின் இழைகள் ஐந்து ஜோடியாக இணையாக ஓடுகின்றனவா, மிச்ச வால் 25–30 செ.மீ. இருக்கிறதா? திருகுக் காரபினரை மூடியதாகத் தெரிந்தாலும் கதவை அழுத்திப் பாருங்கள். பிறகு இதே வரிசையில் கயிறு பிடிப்பவருக்கும் பார்க்க வேண்டும். ட்ரெய்னிகள் ஏறுபவரை மட்டும் பார்த்துவிட்டு விடுவது வழக்கம்.

சோதனையின் நடுவில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள், ஹெல்மெட்டிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். விட்ட இடம் என்று நீங்கள் நினைப்பது பெரும்பாலும் அது அல்ல. கழிவறை போய்வந்த பிள்ளையையும் புதிதாக வந்தவர் மாதிரி முழுக்கச் சோதியுங்கள். எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, பாதியை மட்டும் இறுக்கிக்கொண்டு சிரித்தபடி வரிசையில் நிற்கும். சீசனின் முதல் ஹார்னஸை யாரும் தவறவிடுவதில்லை. இருநூறாவது ஹார்னஸில்தான் கை பட்டையைத் தொடும், மனம் மதியச் சாப்பாட்டில் இருக்கும்.

தொடுமுன் சொல்லிவிட்டுத் தொடவேண்டும்: “இடுப்புப் பட்டையை இழுத்துப் பார்க்கப்போகிறேன், சரியா?” சம்மதம் வந்தபிறகே கை. கால் பட்டையை அவர்களையே இழுக்கச் சொல்லுங்கள். எந்தப் பிள்ளையோடும் மறைவில் தனியாக இருக்காதீர்கள், சொந்தக் கைபேசியில் படம் எடுக்காதீர்கள். இது நாட்டுக்கு நாடு மாறாது.

பாறை உச்சியில் கயிற்றைத் தாங்கும் மேல்நங்கூரம் போடும்போது இரண்டு தனித்தனிப் பிடிப்புகள், நடுவில் உள்ள கோணம் 60 டிகிரிக்குள். அந்தக் கோணத்தில் ஒவ்வொன்றும் சுமையின் 58 சதவீதம் தாங்கும். 120 டிகிரிக்கு விரிந்தால் ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் தாங்கவேண்டி வரும், அதாவது இரண்டு பிடிப்பு போட்டதில் பலன் ஒன்றுமில்லை. சீனியர் போட்டுவைத்ததை வெறுமனே பார்த்துத் தலையாட்டாமல், ஒவ்வொரு முடிச்சும் ஏன் அங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காற்றில் பாதி வார்த்தை போய்விடும்

ஆங்கிலம் பேச வரும் என்பதும் பாறைக்கு அடியிலிருந்து கத்தி ஆங்கிலத்தில் வேலை வாங்குவதும் வேறு. ஏறுபவர் “டேக் இன் ஸ்லாக்” என்று கத்துகிறார். தொய்வை இழுத்துக்கொள் என்று பொருள். காற்றில் முன்பாதி போய் கீழே “ஸ்லாக்” மட்டும் விழுந்தால் பிடிப்பவர் கயிற்றை இன்னும் தளர்த்துவார். கேட்டதற்கு நேர் எதிர். அதனால் இழுக்க வேண்டுமானால் “டேக் இன்”, விட வேண்டுமானால் “ஸ்லாக்”, இரண்டையும் சேர்க்கக் கூடாது என்று முதல் நாளே குழுவுக்குச் சொல்லிவிட வேண்டும். மேலே போய்ப் பத்திரமாக நின்றதும் பிரிட்டனில் “சேஃப்” என்பார்கள், அமெரிக்காவில் “ஆஃப் பிலே”. ஒரே குழுவில் இரண்டு நாட்டு ஆட்கள் இருந்தால் ஏறுமுன் ஒரே சொல்லுக்கு ஒத்துக்கொள்ளவும்.

தமிழில் ‘விடாதே’ என்றால் மறுப்பு வினையோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆங்கிலத்தில் அது தனிச் சொல்லாக முன்னால் நிற்கிறது. “டோன்ட் லெட் கோ” என்று கத்தினால் பயந்த காதுக்கு “லெட் கோ” மட்டும் போய்ச் சேரும். “ஹோல்ட்” என்று ஒரே சொல்லில் சொல்லிப் பழகுங்கள். செய்யக்கூடாததைச் சொல்லாமல் செய்யவேண்டியதைச் சொல்லுங்கள். பெயரை முதலில் கூப்பிட்டு, அந்த முகம் திரும்பியபிறகு கட்டளை. வாக்கிடாக்கியிலும் இதே ஒழுங்கு: யாரைக் கூப்பிடுகிறீர்கள், நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், அதற்குப் பிறகு என்ன நடந்தது. பேட்டரி நடுவில் செத்தாலும் இடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

உள்ளூர்ப் பிள்ளைகள் வேகமாகப் பேசுவார்கள். புரியாமல் புன்னகைத்துத் தலையாட்டுவது இந்த வேலையில் ஆபத்து. “இன்ஹேலர் பேருந்தில் விட்டுவிட்டேன்” என்றுகூட அவர்கள் சொல்லியிருக்கலாம். மருத்துவப் படிவத்தைக் கிளம்புமுன் வாசித்து, இன்ஹேலரும் ஒவ்வாமை ஊசியும் நீர்புகாப் பையில் உங்கள் தோளில் இருக்கிறதா என்று பார்த்தபிறகு வாசலைத் தாண்டுங்கள்.

தண்ணீர்

குளிர்ந்த நீரைப் பற்றி வெப்ப நாட்டிலிருந்து வருபவர்கள் குறைவாக எடைபோடுகிறார்கள். நீச்சல் தெரியும் என்பது அங்கே முதல் நிமிடத்துக்கு உதவாது. 1-10-1 என்றொரு வாய்ப்பாடு சொல்வார்கள். விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது, அந்நேரம் தண்ணீரை மூச்சோடு உள்ளிழுத்தால் முடிந்தது. அடுத்த 10 நிமிடம் கைவிரல் உருப்படியாக வேலை செய்யும். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். ஆகவே கயாக்கில் எல்லோருக்கும் மிதவைச் சட்டை. அதன் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். காதுவரை ஏறினால் இறுக்கம் போதாது. 50 நியூட்டன் மிதப்பு விசை உள்ள மிதவைச் சட்டை உங்களை மிதக்க உதவும், மயங்கியவரை மல்லாக்கத் திருப்பாது. அதற்கு 150 நியூட்டன் லைஃப் ஜாக்கெட் வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பது பழக்கமாகிவிட்டதால் ட்ரெய்னிகள் குழம்புகிறார்கள்.

கரையிலிருந்து ஏரியைப் பார்க்கும்போது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். காற்று உங்கள் முதுகிலிருந்து வீசுகிறது, கரையோர மரங்கள் மறைக்கின்றன என்று அர்த்தமாக இருக்கலாம். ஐம்பது மீட்டர் உள்ளே போனதும் அது பிடித்துக்கொள்ளும், பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் எதிர்த்துத் துடுப்புப்போட முடியாது. காற்றின் வேகத்தைச் சொல்லும் போஃபர்ட் அளவில் 3, அதாவது 7 முதல் 10 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்), வரைக்கும் தொடக்கநிலைக் குழுவைச் சமாளிக்கலாம், அதுவும் காற்று கரையை நோக்கி இருந்தால். 4-க்கு ஏறி, வெள்ளை நுரை பரவலாகத் தெரிந்தால் என் கணக்கில் அந்த அமர்வு கரையில்தான். முடிச்சு கற்றுக்கொடுங்கள், விளையாட்டு வையுங்கள்.

ஒரு கயாக் கவிழ்ந்தால் கை தானாக அதை நோக்கிப் போகும். முதல் வேலை அதுவல்ல. மற்றவர்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஒருவர் படகை ஒருவர் பிடித்துக்கொண்டு தெப்பமாக நிற்கச் சொல்லவேண்டும். நீங்கள் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருக்கும் இரண்டு நிமிடத்தில் மிச்ச ஏழு பேரைக் காற்று எங்கேயோ கொண்டுபோயிருக்கும். அடுத்து விழுந்தவரிடம் பேசிக்கொண்டே போங்கள்: படகைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், முடிந்தால் துடுப்பையும். கவிழ்ந்த படகின் மூக்கை உங்கள் படகுக்குக் குறுக்கே, டி எழுத்து மாதிரி, மடிமீது இழுங்கள். கவிழ்ந்தபடியே மூக்கைத் தூக்கினால் தண்ணீர் வடியும். முழுக்க வடியக் காத்திருக்க வேண்டாம், முக்கால்வாசி போதும். சட்டென்று நிமிர்த்தி, உங்கள் படகுக்கு இணையாக, அதன் மூக்கு உங்கள் வால் பக்கம் பார்க்கத் திருப்புங்கள். உங்கள் உடம்பை அதன்மேல் சாய்த்து, இருக்கை ஓட்டையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடியுங்கள். சாய்ந்தால்தான் இரண்டு படகும் ஒன்றாக நிற்கும். நேராக உட்கார்ந்து கை நீட்டிப் பிடித்தால் இருவரும் கவிழ்வீர்கள். அவர் பின்பக்க மேல்தளத்தில் வயிறு படுமாறு ஏறி, கால்களை உள்ளே விட்டு, திரும்பி உட்காரட்டும். அவர் உட்கார்ந்து, துடுப்பு கைக்கு வந்து, மூச்சு சீரானபிறகு பிடியை விடுங்கள். ட்ரெய்னிகள் பிடியை அவசரப்பட்டு விடுவதால்தான் இரண்டாவது கவிழ்ச்சி நடக்கிறது.

நடுக்கம் இருந்தால் உடல் இன்னும் போராடுகிறது. நடுக்கம் நின்று, வார்த்தை குழறி, சொன்னதற்கு எரிச்சல்பட்டு, ஜிப்பைப் போடத் தடுமாறினால் நிலைமை மோசம். குழுவில் எப்போதும் வாயாடும் பிள்ளை திடீரென அமைதியானால் தெர்மாமீட்டர் தேவையில்லை.

முள்ளும் திசைமாறும்

நாடு மாறும்போது நன்றாகத் தெரிந்தவையே காலை வாரும். வட அரைக்கோளத்துக்கு என்று சமன்செய்த திசைகாட்டியைத் தெற்கே கொண்டுபோனால் முள் சாய்ந்து அடித்தட்டில் உரசும், சுழலாது. எந்த மண்டலத்துக்கானது என்று பார்த்து வாங்குங்கள், உலகம் முழுக்கச் செல்லும் முள்ளும் கிடைக்கிறது. காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வித்தியாசம் பிரிட்டனில் கண்டுகொள்ளாமல் விடும் அளவுக்குச் சிறிது. நியூசிலாந்தில் அது கிழக்கே ஏறத்தாழ 20 டிகிரியும் அதற்கு மேலும். திருத்தாமல் ஒரு கிலோமீட்டர் நடந்தால் சுமார் 350 மீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். நடுப்பகல் சூரியன் அங்கே வடக்கில் நிற்கும். துருவ நட்சத்திரம் தெரியவே தெரியாது.

உதவிக்கு விசில் ஐரோப்பிய மலைகளில் நிமிடத்துக்கு 6 ஊதல், ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி, பதிலுக்கு 3. வட அமெரிக்காவில் 3 ஊதலே உதவிக்கு. ஒரு பாறை எவ்வளவு கடினம் என்று சொல்லும் தரமும் அப்படித்தான். பிரெஞ்சு 6ஏ-வும் பிரிட்டிஷ் தொழில்நுட்பத் தரம் 6ஏ-வும் எழுத்தில் ஒன்று, பாறையில் பின்னது பல படி கடினம். ஆற்றில் இடது, வலது என்பது எப்போதும் நீரோட்டம் போகும் திசையைப் பார்த்தபடி. நீங்கள் மேல்நோக்கித் திரும்பி நின்றாலும் அது மாறாது. அவசர எண் ஐரோப்பாவில் 112, நியூசிலாந்தில் 111, ஆஸ்திரேலியாவில் 000, அமெரிக்காவில் 911. மையத்தின் முகவரியையும் அருகிலுள்ள சாலைச் சந்திப்பின் பெயரையும் உச்சரிப்போடு மனப்பாடம் செய்யுங்கள். ஆம்புலன்ஸ்காரருக்குப் புரியும்படி உங்களால் சொல்ல முடிகிறதா என்று உள்ளூர்க்காரர் ஒருவரிடம் சொல்லிக் காட்டுங்கள்.

நடை நேரத்துக்கு நெய்ஸ்மித் கணக்கு போதும்: மணிக்கு 5 கி.மீ., ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 10 நிமிடம் கூடுதல். பிள்ளைகள் குழுவுக்கு மணிக்கு 3 கி.மீ. என்று போடுங்கள். கடைசியில் வருபவரின் வேகம்தான் குழுவின் வேகம். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். முன்னால் வந்தவர்கள் எல்லோரும் இளைப்பாறியிருப்பார்கள், அவர் மட்டும் இளைப்பாறவில்லை.

அனுபவத்தைப் பதிவு செய்யும் லாக்புக்கை அன்றன்றே எழுதுங்கள். தேதி, இடம், உங்கள் பங்கு என்ன (பார்த்தது, உதவியது, நடத்தியது), குழுவின் அளவும் வயதும், காற்று, நீர்மட்டம், என்ன மாறியது, அதற்கு என்ன செய்தீர்கள். ‘நல்ல நாள், எல்லோரும் மகிழ்ந்தார்கள்’ என்ற வரியை மதிப்பீட்டாளர் தாண்டிப் போவார். ‘11 மணிக்குக் காற்று திரும்பியது, திட்டமிட்ட தீவுக்குப் போகாமல் விரிகுடாவுக்குள் சுற்றினோம்’ என்ற வரியில் நிற்பார். சொந்தமாக ஏறிய, துடுப்புப்போட்ட நாட்களையும் தனியாக எழுதுங்கள். தினமும் தொடக்கநிலைப் பாறையிலேயே நின்றால் மதிப்பீட்டுக்கு வேண்டிய சொந்த அனுபவம் ஏறாது. விடுமுறை நாளில் உடம்பு கெஞ்சினாலும் மாதத்துக்கு இரண்டு நாளாவது உங்களுக்காக ஏறுங்கள்.

உடம்பு ஆறாவது வாரத்தில் பேச ஆரம்பிக்கும். விரல் நுனி வெடிக்கும், வெட்சூட் கழுத்தை உரசிப் புண்ணாக்கும், ஈரக் காலுறையில் பாதம் வெளுத்துத் தோல் உரியும். அரிக்கும் இடத்தில் வாசலின் முன்கூட்டியே தடவுங்கள், மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி பையில் இருக்கட்டும். தண்ணீரில் நிற்கும்போது வெயில் கீழிருந்தும் வரும். மூக்குக்கு அடியிலும் காது மடலிலும் சன்ஸ்கிரீன் போட மறந்தவர்களை அடுத்த நாள் பார்த்தாலே தெரியும். சொந்தமாக வாங்கவேண்டியவை பழக்கப்பட்ட பூட்ஸ், நல்ல மழைச்சட்டை, தலைவிளக்கு, விசில், கத்தி. மற்றதெல்லாம் மையத்தினுடையதைப் பயன்படுத்திப் பார்த்து, ஒரு மாதம் கழித்து முடிவு செய்யலாம். ஊரிலிருந்தே எல்லாம் வாங்கிக்கொண்டு வருபவர்கள் பாதியைத் தொடாமலே திருப்பிக் கொண்டுபோகிறார்கள்.

சீசன் முடியும் கடைசி வாரத்தில் மையம் தலைகீழாக இருக்கும், சீனியர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள். லாக்புக்கில் கையெழுத்து, பரிந்துரைக் கடிதம் இரண்டையும் அதற்கு மூன்று வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். பக்கங்களைப் படமெடுத்து வேறிடத்தில் சேமியுங்கள். வடக்கே கோடை முடியும்போது தெற்கே வேலை ஆரம்பிக்கும் என்பதால் பலர் அப்படியே நியூசிலாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ பறப்பார்கள். அடுப்பின் எரிவாயுக் குப்பியை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது. தானாக ஊதும் லைஃப் ஜாக்கெட்டின் வாயுச் சிலிண்டருக்கு முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

நியூசிலாந்து விமான நிலையத்தில் பூட்ஸ், கூடாரம், துடுப்பு ஆகியவற்றை அறிவிப்புப் படிவத்தில் எழுதியே ஆகவேண்டும், மறைத்தால் அபராதம். காலணி அடிப்பள்ளங்களில் காய்ந்திருக்கும் சேற்றைப் பழைய பல்துலக்கியால் கிளறி எடுங்கள், கூடார முளைகளையும் தேய்த்துக் கழுவுங்கள். 2004-ல் அங்கே டிடிமோ என்ற ஆற்றுப்பாசி கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகும் முன்னும் இதே வேலைதான்: பார்த்து, கழுவி, உள்ளும் புறமும் முழுக்கக் காய்ந்தபிறகு இன்னும் 48 மணி நேரம் அப்படியே வைப்பது. வெட்சூட் பூட்ஸின் உள்பஞ்சு காயவே இரண்டு நாள் பிடிக்கும், ஆகவே சனிக்கிழமை வேறு ஆறு என்றால் செவ்வாய்க்கிழமையே கழுவிக் கம்பியில் போட்டுவிட வேண்டும்.